துண்டுக்கு அடியில் பேசிய விலை

விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் வியாபாரம் எதனால் வளர்கிறது என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். மூலதனம், தரம், கிடங்கு வசதி, சந்தை, நிர்வாகம், உறுப்பினர்களின் ஈடுபாடு என்று கரும்பலகை நிறைய எழுதிப் போட்டிருப்பார்கள். நீங்களும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டிருப்பீர்கள். எல்லாம் சரிதான். நான் ஒன்றையும் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் நின்று உங்கள் மேசைக்கு வராது. மே மாதக் கடைசியில், வானம் இருட்டிக்கொண்டு நிற்கும்போது, ஒரு பக்கம் கோபத்தோடு விவசாயிகளும் இன்னொரு பக்கம் அவசரத்தோடு வியாபாரியும் உட்கார்ந்திருக்க, எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கும். அப்போது நோட்டைப் புரட்டிப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது.

அப்படி எனக்கு வந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? பிடிக்காவிட்டால், கோமதியம்மா ஏதோ பழங்கதை அளந்தாள் என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. மட்டாஞ்சேரி பஜார் சாலையில் எங்கள் மிளகு விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு கிடங்கு இருந்தது. முன்வாசல் சாலையைப் பார்த்தது, பின்வாசல் காயலைப் பார்த்தது. கிழக்கே மலையடிவாரத்தில் எங்கள் உறுப்பினர்கள் மிளகைப் பறித்துக் காயவைத்து, சாக்கில் கட்டி, ஆலுவா வரை லாரியில் அனுப்புவார்கள். அங்கிருந்து வள்ளத்தில் ஏறி எங்கள் பின்வாசல் படியில் வந்து இறங்கும். நான் அங்கே தரம் பிரிக்கும் பகுதியின் மேற்பார்வையாளர். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புடைத்துச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். அவர்களை மேய்ப்பதும், நாள் முழுவதும் தும்முவதும் என் வேலை.

எங்களுடையது பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அப்பா பஜாரில் ஒரு கடையில் எழுத்தராக இருந்தவர். கணவருக்கு ஏலூரில் ஆலை வேலை. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எங்கள் விவசாயிகள் பேசியதெல்லாம் மலையாளம்தான். எனக்கு இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோனதால் இப்போதும் கலந்தே சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளில் மிளகு எப்படி விற்கும் தெரியுமா? விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்காருவார்கள். இருவரும் வலது கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். எங்கள் ஊரில் தோர்த்து என்போமே, அந்த மெல்லிய துண்டு. அதற்கு அடியில் விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு, எத்தனை முறை அழுத்தினால் எவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. வாய் திறக்கவே கூடாது. வாங்குபவர் அழுத்துவார், விற்பவர் தலையை ஆட்டுவார், மறுபடி அழுத்துவார்கள். கடைசியில் துண்டை எடுத்தால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். சுற்றி நிற்கும் யாருக்கும் விலை தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை என்று வாங்குபவர் விளையாட அது வசதி.

எங்கள் சங்கத்தின் செயலாளர் இதில் பெரிய கை. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கூச்ச சுபாவம். எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். துண்டுக்கு அடியில் அவர் கை என்ன செய்கிறதென்று அவர் முகத்தைப் பார்த்து ஒருவரும் சொல்லிவிட முடியாது. பெரிய பெரிய வியாபாரிகள் எல்லாம் அவரோடு உட்கார்ந்து எழுந்தால் வியர்வையைத் துடைத்துக்கொள்வார்கள். முடிந்ததும் அவர் வெளியே வந்து, காத்திருக்கும் விவசாயிகளிடம் விலையைச் சொல்லுவார். அவர்கள் சரி என்று தலையாட்டுவார்கள். வள்ளத்தில் ஏறியதும் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். உள்ளே விரல் சொன்னது ஒன்று, வெளியே வாய் சொன்னது ஒன்று என்பார்கள்.

இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அந்த மனிதர் சங்கத்தின் காசில் ஒரு சாயா குடித்தவர் இல்லை. ஆனால் துணியைப் போட்டு மூடிக்கொண்டு ஒருவர் நேர்மையாக இருந்தால் அதை யார் பார்க்க முடியும்? நம்பாத விவசாயி என்ன செய்வான்? நல்ல மிளகை மலையிலேயே தனியார் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, தூசியும் காம்பும் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கும் கலந்ததைச் சங்கத்துக்கு அனுப்புவான். அதற்கு வியாபாரி குறைந்த விலை கொடுப்பார். குறைந்த விலையைக் கேட்டதும் பார்த்தாயா, சார் நடுவில் அடித்துவிட்டார் என்று சந்தேகம் இன்னும் ஏறும். அடுத்த வருஷம் இன்னும் மட்டமான சரக்கு வரும். சங்கம் வளராததற்கு மூலதனம் போதாது என்று மேலதிகாரிகள் எழுதினார்கள். நான் தும்மிக்கொண்டே அந்த மூலதனத்தைச் சலித்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தின் தலைவர் ஔசேப்பு சேட்டன். அவரும் மிளகு விவசாயிதான். பெரிய உடம்பு, பெரிய குரல், குழந்தை மனசு. அந்த வருஷம் அவர் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். "இந்த ஒரு பருவம் எல்லா மிளகையும் சங்கத்துக்குத் தாங்க. சரிப்படலேன்னா நானே கிடங்குச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வீட்ல இருந்துக்கறேன்" என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஜனங்களும் அவர் முகத்துக்காகக் கொடுத்தார்கள். கிடங்கில் முதல்முறையாக மேற்கூரையைத் தொடும் அளவுக்குச் சாக்குகள் ஏறின. இந்த மிளகு நல்ல விலைக்குப் போனால் சங்கம் பிழைக்கும், இல்லாவிட்டால் பூட்டு. அவ்வளவுதான் நிலைமை.

அப்போது பார்த்து சாருக்கு மஞ்சள் காமாலை வந்தது.

கண்ணும் நகமும் மஞ்சளாகி, ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டார். பொறுப்பை யாரிடம் கொடுப்பது? ஔசேப்பு சேட்டன் தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மோளே, மிளகைப் பத்தி உனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லியே. சார் வர்ற வரைக்கும் நீயே பார்த்துக்கோ."

"விலை பேசறது யாரு சேட்டா?"

"அதும் நீதான். பின்னே?"

அதும் நீதான் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! விரல் கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா வீட்டில் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். மறந்துபோகக் கூடாதென்று அன்று சாயங்காலமே கணவரைச் சமையலறையில் உட்காரவைத்து, கை மேல் துண்டைப் போட்டுப் பயிற்சி எடுத்தேன். பாவம், நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவர் திண்டாட, நான் அதட்ட, மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் நான் தேறிவிட்டேன். ஏலூர் ஆலை வேலை போனாலும் கவலையில்லை, தனக்கும் மிளகு வியாபாரம் வந்துவிட்டது என்று கணவர் கேலி செய்தார்.

ஆனால் பஜாரில் நடந்தது வேறு. முதலில் வந்த வியாபாரி மைதீன் ராவுத்தர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம். அப்பாவுக்குப் பழக்கமானவர். சிறு வயதிலிருந்து என்னைப் பார்த்தவர். எதிரே உட்கார்ந்தார், மிளகை அள்ளிப் பார்த்தார், திருப்தியாகத் தலையை ஆட்டினார். நான் துண்டை எடுத்துப் போட்டுக் கையை நீட்டினேன். அவர் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி இது? யாரும் பார்த்தா என்ன நினைப்பாங்க? நம்ம வீட்டுப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு நான் பஜார்ல உக்காரவா?"

"அப்ப வாயால சொல்லுங்க ராவுத்தரண்ணே."

"அது நடக்காது. சார் சரியாகி வரட்டும். என்னா அவசரம்?"

அடுத்து வந்த குஜராத்தி சேட்டும் இதையே சொன்னார். அதற்கு அடுத்தவர் என்னைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிட்டார். ஒருவரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். சண்டை போட்டால் நாமும் போடலாம். மரியாதையாக ஒதுங்குகிறவரை என்ன செய்வது?

ஔசேப்பு சேட்டன் ஒரு தரகரை வைக்கலாம் என்றார். எனக்குப் பதிலாக அவர் கை துண்டுக்குள் போகும். நான் வேண்டாம் என்றேன். சாரையே நம்பாதவர்கள், பஜார் தரகரையா நம்பப் போகிறார்கள்? இன்னொரு கை உள்ளே போனால் இன்னொரு சந்தேகம் வெளியே வரும். சேட்டனுக்கு என் மேல் கோபம். "பிடிவாதம் பிடிச்சா மழை நிக்குமா மோளே?" என்றார். நிற்காதுதான். மே முடியப் போகிறது. காற்றில் ஈரம் ஏறிவிட்டது. சாக்குக்குள் கையை விட்டால் விரலில் ஒட்டியது. மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சணம் பிடிக்கும், அப்புறம் அதை எந்தத் துண்டு போட்டு மூடியும் விற்க முடியாது. எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. பயந்துதான் இருந்தேன், தைரியசாலி என்று என்னைப் பற்றி நினைத்துவிடாதீர்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் மலையிலிருந்து விவசாயிகள் ஒரு வள்ளம் நிறைய வந்து இறங்கினார்கள். முன்னால் நின்றவர் பைலி. ஒல்லியான மனிதர், எதையும் நம்பாத முகம். சார் நடுவில் அடிக்கிறார் என்று முதலில் கிளப்பியவரே அவர்தான் என்று கேள்வி.

"எங்க மிளகைத் திருப்பித் தாங்க" என்றார். "மலைவியாபாரிக்கே கொடுத்துக்கறோம். குறைச்ச விலையானாலும் மழைக்கு முன்னாடி கைக்கு வரும்."

ஔசேப்பு சேட்டன் அவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போதே மைதீன் ராவுத்தர் வாசலில் நுழைந்தார். முந்திய நாள் அவருடைய ஆள் இரண்டு தடவை வந்து எங்கள் மிளகு விற்றுவிட்டதா என்று சும்மா விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டுப் போயிருந்தான். சும்மா விசாரிக்க யாரும் இரண்டு தடவை வர மாட்டார்கள். மழைக்கு முன்னால் புறப்பட வேண்டிய கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது, அவருக்குச் சரக்குப் போதவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகளே, இதை மட்டும் நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அவசரம் இருக்கும்போது எதிராளிக்கும் ஏதாவது அவசரம் இருக்கும். நம் அவசரத்தையே பார்த்துப் பதறிக்கொண்டிருந்தால் அவர் அவசரம் கண்ணில் படாது.

"மொத்தத்தையும் எடுத்துக்கறேன்" என்றார் ராவுத்தர். "ஆனா ஒரு ஆம்பளையை உக்கார வைங்க. முறைன்னு ஒண்ணு இருக்கே."

"நான் உக்காரறேன்" என்று ஔசேப்பு சேட்டன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தே விட்டார்.

"சேட்டா, உங்களுக்கு விரல் கணக்கு தெரியுமா?" என்று காதோடு கேட்டேன்.

"கையைப் பிடிக்கத் தெரியாதா மோளே?" என்றார்.

தடுத்திருக்கலாம். தடுத்தால் விவசாயிகள் முன்னால் அவருக்கு மானம் போகும். சரி, ராவுத்தர் ஏமாற்றுகிறவர் இல்லை, பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். துண்டு விழுந்தது. ராவுத்தர் விரல்கள் அசைவது துண்டுக்கு மேலேயே தெரிந்தது. ஔசேப்பு சேட்டனோ, சங்கத்தின் மானமே அந்தக் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ராவுத்தரின் கை முழுவதையும் தன் பெரிய கையால் பற்றி, நெஞ்சு உருகி, ஒரு தடவை, இரண்டு தடவை, நாலைந்து தடவை அழுத்தினார். விட்டுவிடாதீங்க, எங்களைக் காப்பாத்துங்க என்று கெஞ்சுகிற மாதிரி.

ராவுத்தர் கண்கள் பிதுங்கின. "படச்சோனே!" என்று கடவுளைக் கூப்பிட்டுக் கத்திவிட்டார். "சேட்டா, நீங்க கேக்கற விலைக்கு நான் தங்கமே வாங்கிடுவேனே! நான் சொன்னது..." என்று, தான் விரலால் சொன்ன விலையை வாயாலேயே சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் உணர்ந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த விவசாயிகள் எத்தனையோ வருஷமாக மிளகு விளைவிக்கிறவர்கள். வாங்குகிறவர் வாயிலிருந்து தங்கள் மிளகின் விலையை அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. பைலியின் வாய் பாதி திறந்தபடி நின்றது.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யோசிக்க நேரமில்லை. எட்டித் துண்டைப் பிடித்து உருவி எடுத்துவிட்டேன்.

"ராவுத்தரண்ணே, பாதியை வாயால சொல்லிட்டீங்க. மீதியையும் வாயாலயே முடிச்சுடலாம்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான், அவர் தொழில் முறையை நான் எல்லார் முன்னாலும் அவிழ்த்துவிட்டேன். எழுந்தார். "பஜாரைக் கெடுக்கப் பார்க்கறியா தங்கச்சி?" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். ஔசேப்பு சேட்டன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையில் நான் அங்கேயே பஸ்பமாகியிருக்க வேண்டும். விவசாயிகள் முணுமுணுத்தார்கள். கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு நடுக்கிடங்கில் நான் நின்றேன். ஆனால் அவரைத் திருப்பிக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டால் மறுபடி துண்டுக்கு அடியில்தான் போவோம் என்று மட்டும் தெரிந்தது.

வாசலில் கூட்டத்தோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற ஓர் இளைஞன் தொண்டையைக் கனைத்தான். தூத்துக்குடியிலிருந்து ஒரு சின்ன ஏற்றுமதிக் கடைக்காகக் கொள்முதல் செய்ய வந்தவன். அந்தப் பருவம் முழுவதும் பஜாரில் சுற்றியும் ஒரு மூட்டை வாங்க முடியவில்லை. விரல் கணக்கு தெரியாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை.

"யக்கா, இங்க வாயாலதான் விலைன்னா நானும் ஒண்ணு கேக்கலாமா?" என்றான்.

"தாராளமா கேளுப்பா."

அவன் ராவுத்தர் சொன்னதற்குக் கொஞ்சம் மேலே ஒரு விலை சொன்னான்.

வாசற்படியில் ராவுத்தரின் கால் நின்றுவிட்டது. அவர் திரும்பி அந்தப் பையனை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சாலையில் நின்றபடியே, பஜாருக்கே கேட்கும்படி, அதற்கும் மேலே ஒரு விலையைச் சொன்னார். பையன் மறுபடி ஏற்றினான். இரண்டு பேருக்கும் நடுவில் எங்கள் ஆட்கள் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே நின்றார்கள்.

விற்கிறவனை மட்டும்தான் அந்தத் துண்டு இருட்டில் வைத்திருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். வாங்க வந்தவர்களில் பாதிப் பேரையும் அது வெளியிலேயே நிறுத்தியிருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சந்தையை விரிவுபடுத்துவது என்று உங்கள் பாடத்தில் ஒரு தலைப்பு இருக்கும். சில சமயம் அதற்குப் புது ஊருக்குப் போகவே வேண்டாம். வாசலில் யார் தயங்கி நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

நல்ல மிளகுக் குவியல் ராவுத்தருக்கு முடிந்தது. இரண்டாம் தரத்தில் ஒரு பங்கை அந்தப் பையன் எடுத்துக்கொண்டான். இன்னும் சலிக்காமல் தனியாக வைத்திருந்த மூன்றாவது குவியலில் ராவுத்தர் கையை விட்டார். முகத்தைச் சுளித்தார்.

"இது மிளகா, கூட்டிப் பெருக்கினதா? பாதி காம்பு, பாதி பொக்கு. இதுக்கு நான் பாதி விலை கூடத் தர மாட்டேன். யாரோடது இது?"

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பைலியின் முகமே சொல்லிவிட்டது. எத்தனையோ தடவை நாங்கள் அவரிடம் தரம் சரியில்லை, அதனால் விலை குறைந்தது என்று சொல்லியிருக்கிறோம். திருட்டுக்குச் சொல்லும் சாக்கு என்று அவர் காறித் துப்பியிருக்கிறார். இப்போது வாங்குகிறவரே நேருக்கு நேர் நின்று சொல்லிவிட்டார். பைலி குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கை நிறைய அள்ளி, காம்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கள் பெண்களில் ஒருத்தி ஒரு முறத்தைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள்.

சில நாளில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கிடங்கு காலியாக இருந்தது. காலிக் கிடங்கு அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஔசேப்பு சேட்டன் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் முடிந்துகொண்டு ஊர் முழுக்க, தான் ராவுத்தர் கையை அழுத்தியதால்தான் அந்த விலை கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு வகையில் அது உண்மைதானே? நான் மறுக்கவில்லை.

பஜார் எங்கள் மேல் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டது உண்மை. சிலர் வரவே இல்லை. ஆனால் தூத்துக்குடிப் பையனைப்போல் வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் வந்தார்கள். ராவுத்தர் ஒவ்வொரு தடவையும் "பஜாரைக் கெடுத்துட்டே தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். உட்காராமல் மட்டும் இருந்ததில்லை. உறுப்பினர்கள் தங்கள் மிளகு வரும் நாளில் தாங்களே கூட வந்து எதிரே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். சரக்கு கூடியது, தரம் கூடியது. அறுபதுகளில் பக்கத்துக் கிடங்கையும் வாடகைக்கு எடுத்து, சுக்கும் மஞ்சளும் சேர்த்துக்கொண்டோம். மேலதிகாரி ஒருவர் வந்து, சிறந்த மூலதன நிர்வாகம் என்று பாராட்டிவிட்டுப் போனார். நான் தும்மினேன்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. கிடங்கு காலியான அந்த மழைக்காலத்தில் எனக்கு ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. சார் திரும்பி வந்து என்ன சொல்வாரோ என்பதுதான் அது. அவர் கை சாமர்த்தியத்தால் நடந்த இடம் அது. அதை நான் ஒரே இழுப்பில் உருவிப் போட்டுவிட்டேன்.

அடுத்த பருவத்தின் முதல் சரக்கு வந்த அன்று அவரும் வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. நடந்ததெல்லாம் அவருக்குச் சொல்லியிருந்தோம். எதிரே ராவுத்தர் உட்கார்ந்தார். விவசாயிகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், பைலியும் இருந்தார். அவருடைய மிளகு அந்த வருஷம் கண்ணாடி மணி மாதிரி வந்திருந்தது. சார் பழக்கத்தில், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கை மேல் போட்டுவிட்டார். ராவுத்தரும் பழக்கத்தில் உள்ளே கையை விட்டார்.

"சாரே, தோர்த்து வேண்டாம்" என்றார் பைலி.

சார் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வாயைத் திறந்து விலையைச் சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக வியாபாரியிடம் ஒரு விலையை வாயால் சொல்கிறார். குரல் எழும்பவில்லை.

"கேக்கலை சாரே" என்றார் பைலி. குரலில் கேலி இல்லை.

சார் உரக்கச் சொன்னார். ராவுத்தர் குறைத்தார். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கூச்சக்கார மனிதர் விட்டுக் கொடுக்கவே இல்லை. மிளகை அள்ளிக் காட்டினார், மோந்து பார்க்கச் சொன்னார், ராவுத்தர் ஓர் அடி ஏறினால் இன்னொரு அடி ஏறச் சொன்னார், எழுந்து போவதாகப் பயமுறுத்தினார், சிரித்தார், மறுபடி ஏற்றினார். ஒவ்வொரு ரூபாய்க்கும் தன் வீட்டுச் சொத்தைப்போல் சண்டை போட்டார். விவசாயிகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். இத்தனை வருஷமும் துணிக்கு அடியில் அவர் தங்களுக்காக இப்படித்தான் சண்டை போட்டிருக்கிறார் என்பது ஒவ்வொருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

விலை முடிந்ததும் பைலி எழுந்து வந்து, சாரின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எல்லார் கண் முன்னாலும் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பின்வாசல் படியில் சாயா குடிக்கும்போது சார் என்னிடம் சொன்னார்: "இவங்க என்னை நம்பலேங்கறது எனக்கு எப்பவும் தெரியும் கோமதி. எப்படிக் காட்டறதுன்னுதான் தெரியலை."

நீங்கள் எல்லாரும் நேர்மையானவர்களாகத்தான் இருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் விவசாயி அதைப் பார்க்கிற இடத்தில் உட்காருங்கள், நான் கேட்பது அவ்வளவுதான். வளர்ச்சிக்கான மற்றக் காரணங்களெல்லாம் அவனோடு கூடவே உங்கள் படியேறி வந்துவிடும்.

அன்றைக்குப் பைலி கடைசிச் சாக்கையும் தானே தூக்கி ராவுத்தரின் ஆளிடம் கொடுத்துவிட்டு வேர்த்து வழிந்து நின்றார். சார் மடியிலிருந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். பைலி முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டு, அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வள்ளத்தில் ஏறிப் போய்விட்டார். சார் அதைத் திரும்பக் கேட்கவில்லை, அப்புறம் வேறொன்று வாங்கவும் இல்லை.